ஐம்பத்தைந்து வயசில் ஆபீஸ் டென்ஷன்... நெஞ்சு தாங்குமா?

"டாக்டர், வேற ஒண்ணுமில்ல. வாயுத் தொந்தரவுதான். நல்லதா ஒரு சூரணம் குடுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் ஒருவராவது இந்த வசனத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார். வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கும். கூடவே மனைவி வந்திருப்பார். நோயையும் அவரே கண்டுபிடித்து, மருந்தையும் அவரே முடிவு செய்துகொண்டு வந்திருப்பார். நான் பொட்டலம் மடித்துக் கொடுத்தால் போதும்!

2024-ல் அப்படி வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. வயசு 57. கேஷ் கவுண்டரில் ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். கடைசிக் காலத்தில் பதவி உயர்வு என்று சொல்லி, வீட்டிலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைக்கு மேனேஜராகப் போட்டிருந்தார்கள். நெஞ்சு நடுவில் ஒரு இறுக்கம், ஏப்பம் விட்டால் கொஞ்சம் தேவலை என்றார். நாடி பார்த்தேன். பி.பி. பார்த்தேன். 126/80. இளவட்டப் பையனுக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்று சிரித்தார்.

"சார், இந்த இறுக்கம் எந்தக் கிழமையில வருது?" என்று கேட்டேன்.

அவர் முழித்தார். பதில் மனைவியிடமிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலமே மூஞ்சி மாறிரும் டாக்டர். திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்ட் படியில நின்னு நின்னு ஏறுதாங்க. லீவு போட்டா ஒண்ணும் வரதில்ல."

லீவு நாளில் வராத வாயு! நம் வீடுகளில் உளுந்த வடையும் உருளைக்கிழங்கு பொரியலும் ஞாயிற்றுக்கிழமைதானே ஜாஸ்தி? வாயுதான் என்றால் அன்றைக்கல்லவா வர வேண்டும்?

சூரணம் கொடுக்கவில்லை. இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கே போகச் சொன்னேன். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டுப் பார்த்தபோது மாற்றம் தெரிந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஒரு ரத்தக் குழாயில் சுருக்கம். மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை.

நான் என்னவோ பெரிய கெட்டிக்காரன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கிழமைக் கேள்வியை நான் கேட்கக் கற்றுக்கொண்ட விதம் வேறு. அதைச் சொல்ல இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பொட்டலம் திரும்பி வந்தது

1996. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, தனியாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்த புதுசு. எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணாச்சி இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. வயசு 54. என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். தெருவில் முதல் ஆளாக என்னிடம் மருந்து வாங்க வந்தவரும் அவர்தான். புது டாக்டருக்கு ஒரு தைரியம் கொடுக்கணும் என்கிற நல்ல மனசு.

அந்த வருஷம் அவர் ஆபீசுக்குப் புது அதிகாரி வந்திருந்தார். வயசில் அண்ணாச்சியின் மூத்த மகனைவிட நாலைந்து வருஷம் கூட இருக்கும், அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஃபைல் பார்த்த மனுஷனை, எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பாராம். ரெண்டு மெமோ வந்திருந்தது. பென்ஷனில் கைவைத்துவிடுவார்களோ என்கிற பயம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெருவுக்கே தெரியும்! ஆனால் அதற்கும் அவர் நெஞ்சுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி, நெஞ்சுல வாயு அடைக்கி. ஆபீஸ் மாடிப்படி ஏறுனா ஜாஸ்தியா இருக்கு" என்றார். பஞ்ச தீபாக்கினி சூரணம் மடித்துக் கொடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம். தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள் என்றேன்.

நாலாம் நாள், திங்கட்கிழமை, ஆபீஸ் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். மீதமிருந்த பொட்டலங்களைத் திரும்பக் கொடுத்தார்கள். "உன் மருந்து நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ரெண்டு நாளும் ஏப்பம் விட்டுட்டு, லேசாயிருச்சுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் சொன்னதுக்கு, இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னுட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் தயவுசெய்து ரெண்டாம் தடவை படியுங்கள். மருந்து ஏப்பத்தைக் கொண்டுவந்தது. ஏப்பம் தைரியத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தைரியம்தான் அவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தது. இதய வலியிலும் ஏப்பம் வரும், வயிற்றுப் பொருமல் வரும், ஏப்பம் விட்டால் லேசானது மாதிரிகூட இருக்கும். "ஏப்பம் வந்தா வாயு, வராட்டி ஹார்ட்" என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கு தப்பு. நடந்தால், படி ஏறினால், கோபப்பட்டால் வந்து, உட்கார்ந்தால் போகிற நெஞ்சு இறுக்கத்தை இதயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று பரிசோதனை சொல்லட்டும். நாமாகச் சொல்லக் கூடாது.

யாருக்கு டென்ஷன் ஜாஸ்தி?

பெரிய நாற்காலியில் இருக்கிறவருக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும் என்று பேசிக்கொள்கிறோம். லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வீதி ஒயிட்ஹால். அங்கே 1967-ல் ஆரம்பித்து சுமார் 18,000 ஆண் ஊழியர்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் என்கிற பேராசிரியரும் அவர் சகாக்களும் கணக்கெடுத்துப் பார்த்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது. உச்சியில் இருக்கும் அதிகாரிகளைவிட, அடிமட்டத்தில் இருக்கும் ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மூன்று மடங்குக்கு மேல்! கீழே இருப்பவர்கள் சிகரெட் அதிகம் குடிக்கிறார்கள், பி.பி. அதிகம் என்று அதையெல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுக்கப் போகவில்லை.

பிறகு 1985-ல், பெண் ஊழியர்களையும் சேர்த்து, பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து ரெண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதை அதில் கேட்டார்கள். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது ஓய்வு எடுப்பது என்பதெல்லாம் தன் கையில் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் என்பவர் 1979-லேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் பெரிய ஆபத்து இல்லையாம். வேலையும் அதிகம், அதில் தன் சொல்லுக்கு இடமும் இல்லை என்றால்தான் கெடுதல்.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. அவர் வேலைக்குப் பயந்தவர் இல்லை. மார்ச் மாசக் கணக்கு முடிக்க ராத்திரி பத்து மணி வரை இருந்துவிட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டு வருவார். அப்போதெல்லாம் வராத நெஞ்சு இறுக்கம், லகான் இன்னொருத்தர் கைக்குப் போன பிறகுதான் வந்தது.

சரி, இளவட்டங்களுக்கும் இதே ஆபீஸ், இதே மேனேஜர்தானே? ஐம்பது தாண்டியவர்களை மட்டும் ஏன் பிடிக்கிறது?

பயமும் கோபமும் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் சீக்கிரம் உறையத் தயாராகிறது. இது புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. ஓடி முடித்தால் எல்லாம் இறங்கிவிடும். ஆபீசில் ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டு மணி நேரம் புலி துரத்துகிறது! கார்ட்டிசால் என்கிற இன்னொரு சுரப்பு சர்க்கரையை ஏற்றும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும். இருபத்தைந்து வயசில் ரத்தக் குழாய் ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கும். ஐம்பத்தைந்தில் அது பழைய தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி விறைத்திருக்கும். அழுத்தம் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் தாமதம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயசை ஒப்பிட்டுப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற நம் பக்கத்து நாடுகளில் நடு வயசு 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. ஆறு வருஷம் முந்திக்கொள்கிறது. 53-லிருந்து 59 வரை என்றால் நம் வீட்டில் என்ன காலம் அது? மகள் கல்யாணம், மகன் படிப்புக் கடன், வீட்டுக் கடனின் கடைசித் தவணைகள். வேலையை விடவும் முடியாது. விட்டால் வேறு வேலை கிடைக்காது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயசு 2020-ல் 58-லிருந்து 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. வருமானத்துக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடுதலாகக் கிடைத்த அந்த ரெண்டு வருஷமும் மாதச் சம்பளக்காரரின் இதயம் எந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

பதினான்கு வேகம்

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக வெளிப்படுத்துகிற உந்துதல்கள். வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் இன்ன இன்ன நோய் வரும் என்று பட்டியலே இருக்கிறது. முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போனேன்.

இப்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். கவுண்டரில் கூட்டம், எழுந்து போக முடியாது. சிறுநீரை அடக்குகிறார். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. பசியை அடக்குகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "இன்றைய டார்கெட் என்னாச்சு?" என்று வருகிறது. தூக்கம் போச்சு. களைப்பாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால், "சாருக்கு வயசாயிடுச்சு" என்று சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். இளைப்பையும் அடக்குகிறார். மீட்டிங்கில் அவமானப்படுத்தினால் தொண்டை அடைக்கிறது. ஆம்பிளை, அதுவும் ஐம்பத்தாறு வயசுக்காரர், ஆபீசில் அழ முடியுமா? கண்ணீரை அடக்குகிறார். கண்ணீரை அடக்குவதால் வரும் நோய்களில் இருதய நோயையும் சேர்த்திருக்கிறார்கள் நம் பழைய மருத்துவ நூல்காரர்கள். இன்றைய ஆராய்ச்சிக்குச் சமமான நிரூபணம் என்று இதைக் காட்ட மாட்டேன். ஆனால் நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கவில்லை. "டென்ஷன் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "அதெல்லாம் இல்ல" என்பார்கள். "மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? பாத்ரூம் போக முடியுதா? ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறீங்க?" என்று கேளுங்கள். கதை முழுக்க வந்துவிடும்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். கழிவறை சரியில்லாத பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் டீச்சர்கள் எத்தனை பேர்! மாதவிலக்கு நிற்கும் வரை இதயத்துக்கு இருந்த பாதுகாப்பு அதன்பின் குறைகிறது. ஆபீஸ் முடிந்து வந்தால் அடுப்படி என்கிற ரெண்டாவது ஆபீஸ் காத்திருக்கிறது. அவர்களுக்கு நெஞ்சு வலிக்குப் பதிலாக மூச்சு வாங்கல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், சொல்ல முடியாத அசதி என்று வருவது உண்டு. "மெனோபாஸ், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நாமே தட்டிக் கழித்துவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். எல்லாப் பழியையும் மேனேஜர் தலையில் போட்டுவிட முடியாது. ஐரோப்பாவில் ஏறக்குறைய ரெண்டு லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில், வேலை நெருக்கடி உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 23 சதவீதம் கூடுதல் என்று வந்தது. சிகரெட் செய்யும் கெடுதல் இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். "டென்ஷன்தான் டாக்டர் காரணம்" என்று சொல்லிக்கொண்டே வாசலில் போய்ப் பற்றவைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும்!

நேரக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்ததன் விளைவாக, பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-ம் வருஷத்தில் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். நாற்பத்தைந்துக்கு மேல் உழைத்த உழைப்பு அறுபதுக்கு மேல் வசூலுக்கு வருகிறது. காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வீடு திரும்புகிறவர் விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

'டென்ஷன் ஆகாதீங்க!'

இந்த அறிவுரையைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறொன்றும் கிடையாது. டாக்டர்கள் சொல்கிறோம், உறவினர்கள் சொல்கிறார்கள், டென்ஷன் கொடுக்கிற மேலதிகாரியே சொல்கிறார்! நெருப்புப் பக்கத்தில் கட்டிப்போட்டுவிட்டு வியர்க்காதே என்பது போல. மூச்சுப் பயிற்சி, தியானம், நடைப்பயிற்சி எல்லாம் நல்லதுதான், நானும் சொல்லித்தருகிறேன். நிமிஷத்துக்கு ஆறேழு தடவை என்று மெதுவாக மூச்சு விட்டால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். (இதய நோயாளிகள் மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் செய்ய வேண்டாம்.) ஆனால் லகான் பழையபடி இன்னொருத்தர் கையில்தானே இருக்கிறது?

ஆகையால் என் கோரிக்கை அலுவலகங்களை நடத்துகிறவர்களிடம்தான். ஐம்பத்தைந்து தாண்டியவரைக் கடைசி மூன்று நான்கு வருஷத்தில் ஊர் விட்டு ஊர் தூக்கிப் போடாதீர்கள். இன்றைய வேலையை எந்த வரிசையில் முடிப்பது என்பதையாவது அவரிடம் விடுங்கள். முப்பது வருஷம் செய்தவருக்குத் தெரியாதா? தப்பு கண்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் செய்யாதீர்கள். இதற்கெல்லாம் சர்க்காருக்கோ கம்பெனிக்கோ பைசா செலவு கிடையாது.

இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம் நடத்துகிறார்கள். சனிக்கிழமை, பந்தல், டீ பிஸ்கட். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்து பி.பி. பார்த்துக்கொள்கிறார்கள். நார்மல்! கிளினிக்கில் நார்மல், வேலையிடத்தில் அதிகம் என்று இருப்பதை முகமூடி ரத்த அழுத்தம் என்கிறோம். வெளியிடத்தில் 135/85-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது ரத்த அழுத்த நோய்தான். முகாமை வேலை நாளில், மேசை மேசையாகப் போய், நெருக்கடி நேரத்தில் நடத்துங்கள். இதயம் எங்கே கஷ்டப்படுகிறதோ அங்கே போய்ப் பாருங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் செருப்பைக் கழற்றும் முன்னேயே சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், மாமா வீட்டு விசேஷம் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள். ஆபீசில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். மதினிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பாதி நோயாளிகளின் விஷயத்தில் உண்மையைச் சொல்வது கூட வந்த மனைவிதான்.

அடுத்து, என் சொந்த வீட்டு அழுக்கு. இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும், ஆஞ்சியோவே வேண்டாம் என்று ஒரு செய்தி செல்போன் செல்போனாகச் சுற்றுகிறது. இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். ரத்தக் குழாயில் வருஷக்கணக்கில் படிந்ததை இந்தக் கஷாயம் கரைக்காது. வயிற்றுப் புண்ணைத்தான் கிளறும். மருதம்பட்டை இதயத்துக்கு நல்ல மூலிகை, நானே கொடுக்கிறேன். ஆனால் இதய மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு, அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு. அதற்குப் பதிலாக அல்ல. இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை மாசக்கணக்கில் வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள் ஜாக்கிரதை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: ஒன்றும் செய்யாத மருந்து என்றால் எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?

நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல். இவை பத்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஓமத் தண்ணீர், சோடா என்று தேடாதீர்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போகவும் வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. 1996-ல் எங்கள் தெருவுக்கு அது இல்லை.

அந்த வங்கி அதிகாரிக்கு வருகிறேன். ரெண்டு வாரம் கழித்து வேலையில் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை 11.30 மணிக்கு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் கட்டும் மெஷினில் பார்த்து எனக்கு போனில் சொல்லச் சொன்னேன். 164/98. மாத்திரை சாப்பிட்டும்! "மெஷின் ரிப்பேர் போல டாக்டர்" என்றார். ரிப்பேர் மெஷினில் இல்லை. இதய மருத்துவரிடம் அந்த அளவுகளை எழுதிக் காட்டச் சொன்னேன், அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

மாற்றல் கேட்டு எழுதினார், கிடைக்கவில்லை. ஒருநாள் தன்னைவிட வயசில் ரொம்பச் சின்னவரான மேலதிகாரியை நேரில் போய்ப் பார்த்து, ஆஞ்சியோ ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாராம். "காலை மீட்டிங்குக்கு நான் வந்துடுவேன் சார். ஒண்ணரை மணிக்குக் கதவைச் சாத்திட்டு சாப்பிடுவேன். ஏழு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன்." மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம், "எங்க அப்பாவுக்கும் இதே வயசுதான் சார்" என்றாராம். டார்கெட் குறையவில்லை. போன் மட்டும் நின்றிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமையும் 11.30-க்குக் கூப்பிட்டார். 138/86. "இன்னைக்கு ஆடிட் டாக்டர், அதான் கொஞ்சம் கூட" என்றார். பின்னால் யாரோ சார் சார் என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. "அவங்க ரெண்டு நிமிஷம் நிக்கட்டும், நீங்க தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை பாருங்க" என்றேன். பார்த்தார். 134/84.